இருபது ஒன்றுகள்

மழை எனக்குப் பிடிக்காது. பிடிக்காது என்பது கொஞ்சம் மரியாதையாகச் சொல்வது. பயம். மழையை ரசிப்பவர்கள் எல்லாரும் மாடியில் குடியிருப்பவர்கள் என்பது என் கட்சி. தாம்பரத்துக்குத் தெற்கே, ஒரு ஏரிக்கரைக்குப் பின்னால், கரையைவிடத் தாழ்வான தெருவில், தரைத்தளத்தில் கடன் போட்டு வீடு வாங்கி, அதில் படுத்த படுக்கையாக ஒருவரை வைத்துக்கொண்டிருக்கும் என்னிடம் வந்து யாரும் மண்வாசனை பற்றிப் பேச வேண்டாம்.

படுக்கையில் இருப்பவர் என் மாமனார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்ததில் வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நல்ல உயரம், நல்ல எடை. படுத்தே கிடந்தும் அந்த எடை குறையவில்லை. அவரைப் புரட்டிப் படுக்க வைக்கவே எனக்கும் என் கணவருக்கும் மூச்சு வாங்கும். கணவருக்கு மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. நான் வீட்டிலிருந்தபடியே ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். எங்கேயோ இருக்கும் கணினிகள் ஒன்றோடொன்று ஒழுங்காகப் பேசிக்கொள்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் பிழைப்பு.

இதற்கு முன்பும் ஒரு மழையில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் வெளியேறும் கலங்கல் வழியாக வழிந்த தண்ணீர். அன்று நாங்கள் இரண்டு பேருமாக மாமாவைத் தூக்கப் பார்த்தோம். முடியவில்லை. பாதியில் நழுவிவிட்டார். மறுபடி கட்டிலில் போட்டுவிட்டு, தெருவில் நின்று கத்தினோம். ஆள் வருவதற்குள் தண்ணீர் மெத்தையின் அடியைத் தொட்டுவிட்டது. அவரால் கத்தவும் முடியாது. கண்ணை மட்டும் அகல விழித்துக்கொண்டு, மெத்தை நனைவதை முதுகில் உணர்ந்துகொண்டு படுத்திருந்தார். அந்தக் கண்ணை நான் இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எங்கள் குடியிருப்போர் சங்கம் விழித்துக்கொண்டது. கலங்கல் ஓரத்தில் கம்பம் நட்டு, தண்ணீர் மட்டத்தை அளக்கும் கருவி ஒன்றை வைத்தார்கள். அது அளவைச் சங்க அலுவலகத்தில் இருக்கும் ஒரு பெட்டிக்கு அனுப்பும். மட்டம் அபாயக் கோட்டைத் தாண்டினால் பெட்டி சைரன் அடிக்கும். எல்லாம் பேட்டரியில் ஓடும்படி செய்தார்கள். கரண்டு போனாலும், செல்போன் டவர் போனாலும், காலனியின் சொந்த வயர்லெஸ் மட்டும் உயிரோடு இருக்கும். கணினி வேலை பார்க்கிறவள் என்று பெட்டியின் கடவுச்சொல்லைக் கூட்டத்தில் எனக்கும் கொடுத்தார்கள். நல்ல ஏற்பாடு. நான் குறை சொல்லவில்லை.

இதோடு சேர்ந்து ஒரு விதியும் வந்தது. அதற்கு முன்பெல்லாம் மழை பெய்தால் போதும், "ஏரி உடைஞ்சிடுச்சு" என்று வாட்ஸப்பில் யாராவது கிளப்பிவிடுவார்கள். ஜனம் குழந்தை குட்டிகளோடு ஓடும். சைரன் வைத்த புதிதில் ஒருமுறை, சோதித்துப் பார்க்கிறோம் என்று யாரிடமும் சொல்லாமல் அடித்துவிட்டார்கள். கடைசித் தெருப் பெரியவர் ஒருவர் மாடிப்படியில் ஓடி, விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அதன் பிறகு நடமாடவே இல்லை. அதனால் சங்கக் கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்தோம். சைரன் அடித்தால்தான் வெள்ளம். சைரன் அடிக்காதவரை யார் என்ன சொன்னாலும் வதந்தி. சைரன் அடித்ததும் நான்கு பேர் முதலில் எங்கள் வீட்டுக்கு வந்து மாமாவை மொட்டை மாடி அறைக்குத் தூக்க வேண்டும். அந்த நால்வருக்கும் தலைவர் அடுத்த தெரு ஆட்டோ டிரைவர். அன்று இரவு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

அந்த மழைநாளில், காலையில் கணவர் கிளம்பும்போதே வானம் இருட்டிக்கொண்டிருந்தது. முந்தின இரவு முழுக்க வேறு கொட்டியிருந்தது. "லீவு போட முடியாதா?" என்று கேட்டேன். "சைரன் இருக்குல்ல, என்ன பயம்?" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏரி மட்டத்தைக் காட்டும் சங்கத்தின் பக்கத்தைக் கணினியில் திறந்தேன். கலங்கலுக்கு இரண்டடி கீழே என்று காட்டியது. பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு. பரவாயில்லை என்று என் வேலையை ஆரம்பித்தேன்.

மதியம் மழை வலுத்தது. மாமாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுப் பார்த்தேன். இரண்டடி கீழே. கரண்டு போனது. இன்வெர்ட்டரில் பார்த்தேன். இரண்டடி கீழே. தெருவில் கணுக்கால் தண்ணீர் ஓடியது. எங்கள் தெருவில் அது சாதாரணம், மழைத் தண்ணீர், விட்டதும் வடிந்துவிடும். ஆனால் மழைத் தண்ணீருக்கும் ஏரித் தண்ணீருக்கும் பார்வையில் வித்தியாசம் கிடையாது. இரண்டும் ஒரே கலங்கிய நிறம்தான். சங்கச் செயலாளருக்குப் போன் செய்தேன்.

"சார், தண்ணி கொஞ்சம் ஏறுற மாதிரி இருக்கு."

"மேடம், சைரன் அடிக்கலையே! படிச்சவங்க நீங்களே இப்படிக் கேட்டா எப்படி? நம்பரப் பாருங்க, ரெண்டடி கீழ இருக்கு."

அவர் சொல்வது நியாயம்தான். வெட்கமாகக்கூட இருந்தது. போனை வைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். இரண்டடி கீழே. அந்த எண் என் முதுகைத் தட்டிக்கொடுப்பது போலிருந்தது. பால் சுட வைத்து டீ போட்டேன். டம்ளரைக் கையில் எடுத்தபோதுதான் அது உறைத்தது.

ராத்திரி பூராவும் கொட்டியிருக்கிறது. காலையிலிருந்து விடாமல் அடிக்கிறது. சுற்று வட்டாரத் தண்ணீர் எல்லாம் அந்த ஏரிக்குத்தான் போகிறது. எப்படி ஒரு அங்குலம்கூட ஏறாமல் இருக்கும்?

காலையிலிருந்து என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்த எண்ணைப் பார்க்கவே இப்போது பயமாக இருந்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஏரிக்கரைக் கருவிக்கு என் கணினியிலிருந்து ஒரு அழைப்பு அனுப்பினேன். பதில் இல்லை. மறுபடியும். பதில் இல்லை. சங்க அலுவலகப் பெட்டியை அழைத்தேன், அது உடனே பதில் சொன்னது. அது நலம். கருவிதான் பேசவில்லை.

தண்ணீரில் மூழ்கிவிட்டதா? அப்படியென்றால் ஏரி கம்பத்தையே தாண்டிவிட்டதா? பெட்டிக்குள் நுழைந்து கருவியின் அமைப்புகளைத் திறந்தேன். சப்நெட் மாஸ்க் என்ற இடத்தில் 20 என்று இருந்தது. அது 22 அல்லவா? ஏற்பாடு ஆரம்பித்தபோது ஒருமுறை பார்த்திருக்கிறேன், 22தான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், இல்லாவிட்டால் என் பயம் புரியாது. சப்நெட் மாஸ்க் என்பது ஒரு கருவிக்கு அதன் தெரு எதுவரை என்று சொல்லும் எண். தன் தெருவிலேயே இருப்பவரை அது நேராகக் கூப்பிடும். வேறு தெருக்காரருக்குச் சேதி சொல்ல வேண்டுமென்றால் தெருமுனையில் இருக்கும் ரவுட்டரிடம் கொடுத்தனுப்பும். அந்த மாஸ்க் உள்ளுக்குள் முப்பத்திரண்டு இடங்கள் கொண்ட ஒரு வரிசை. இடப்பக்கத்திலிருந்து இடைவெளி இல்லாமல் 1, 1, 1 என்று வரும். பிறகு கடைசிவரை 0. எத்தனை 1 என்று எண்ணிச் சொன்னால் போதும், தெருவின் அளவு தெரிந்துவிடும். எங்கள் கருவிக்கு 255.255.252.0. 255 ஒவ்வொன்றிலும் எட்டு, 252இல் ஆறு என்று எண்ணினால் இருபத்திரண்டு ஒன்றுகள்.

பெட்டியில் தட்டச்சு செய்யப்பட்ட மாஸ்க்கும் முதல் பார்வைக்கு அப்படித்தான் இருந்தது. 255.255.225.0.

252 இல்லை. 225.

முந்தின நாள் புது இன்டர்நெட் கம்பெனிக்காரர்கள் வந்து ரவுட்டரை மாற்றினார்கள். எல்லாக் கருவிகளின் விவரங்களையும் மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. செயலாளர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஒற்றை விரலால் தட்டியிருப்பார், வேறென்ன! இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிட்டன. எல்லாம் ஏற்றியாயிற்று, எல்லாம் பச்சை என்று குழுவில் செய்தி போட்டார். எல்லாரும் கட்டை விரல் காட்டினார்கள். நானும்தான் காட்டினேன்.

சரி, மனிதர் தப்பாகத் தட்டிவிட்டார். இயந்திரம் ஏன் கேட்கவில்லை? பல்லாவரத்திலிருந்து வந்து பெட்டியை அமைத்த கான்ட்ராக்டர், மாஸ்க்கில் எத்தனை 1 என்று எண்ண எழுதிய நிரலைத் திறந்தேன். நாலு வரி. எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்துப் பழைய எண்ணோடு ஒப்பிடும், இரண்டிலும் 1 இருக்கும் இடங்களை மட்டும் வைத்துக்கொள்ளும். அப்படிச் செய்தால் ஒவ்வொரு சுற்றிலும் வலக்கோடியில் இருக்கும் ஒரே ஒரு 1 அழியும். எல்லாம் அழிய எத்தனை சுற்று ஆனது என்பதுதான் விடை. அழகான உத்தி. நான் இன்டர்வியூ எடுக்கும்போது கேட்கும் கேள்வியே இதுதான். இதைச் சரியாகச் சொன்னவர்களை வேலைக்கு எடுத்திருக்கிறேன்.

ஒரு தப்பும் இல்லாத நிரல். காகிதத்தில் நானே எழுதிப் பார்த்தேன். 225 என்றால் 11100001. முதலில் மூன்று ஒன்றுகள், பிறகு நான்கு பூஜ்யங்கள், கடைசியில் தனியாக ஒரு ஒன்று. அப்படி ஒரு மாஸ்க் உலகத்திலேயே கிடையாது. பார்த்த மாத்திரத்தில் தூக்கி எறிந்திருக்க வேண்டும். ஆனால் இந்த நிரலுக்கு எந்த ஒன்று எங்கே நிற்கிறது என்ற கவலை இல்லை. எண்ணச் சொன்னார்கள், எண்ணியது. முதல் இரண்டு பகுதியில் பதினாறு, இதில் நாலு. ஆக இருபது. இருபது என்பது பார்க்க ஒழுங்கான எண்தான். சரி என்று பச்சை விளக்கைப் போட்டு, அந்த இருபதைக் கொண்டுபோய்க் கருவிக்குள் எழுதிவிட்டது.

ஒன்றுகள் குறைந்தால் தெரு பெரிதாகிவிடும். ரவுட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் சைரன் பெட்டியும் தன் தெருவிலேயே இருப்பதாகக் கருவி நம்பும். ரவுட்டரிடம் எதையும் கொடுக்காது. தண்ணீர் ஏறுகிறது, ஏறுகிறது என்று பெட்டியின் பெயரைச் சொல்லித் தன் தெருவுக்குள்ளேயே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். அங்கே யாரும் இல்லை.

ஆக, கருவி மழையில் செத்துப்போகவில்லை. நேற்றே ஊமையாகிவிட்டது; பதில் பேசாத கருவியை இங்கிருந்தபடி திருத்தவும் முடியாது. நான் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த இரண்டடி, மழைக்கு முந்தின அளவு. எப்போது வந்த அளவு என்று நேரத்தைப் போட அந்தப் பக்கத்தில் ஒரு மூலைகூட இல்லை. அதைச் செய்த கான்ட்ராக்டர் புண்ணியவானை அன்று என் வாயில் வந்த வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேன். திட்டி என்ன ஆகப்போகிறது? ஏரியில் எவ்வளவு தண்ணீர் என்று காலனியில் ஒருவருக்கும் தெரியாது. எல்லாரும் சைரனுக்காகக் காத்திருக்கிறார்கள். சைரன் அடிக்கவே போவதில்லை.

செயலாளரை அழைத்தேன். டவர் போய்விட்டது. ஆட்டோ அண்ணனை அழைத்தேன். போகவில்லை. கணவரின் கடைசிச் செய்தி வண்டலூரில் பஸ் நிற்கிறது என்பதோடு நின்றிருந்தது. காலனிக் குழுவுக்கு எழுதிய செய்தியும் போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. டவர் போனால் வதந்திகூடப் பரப்ப முடியாது. பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. ஆட்டோ அண்ணன் வீட்டுக்கு ஓடலாம், ஆனால் அது அடுத்த தெரு, பள்ளமான தெரு. நான் போய், அங்கே மாட்டிக்கொண்டால், இங்கே மாமா?

அவர் அறையை எட்டிப் பார்த்தேன். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இடது கையை லேசாகத் தூக்கினார். என்ன என்று கேட்பது அது. "ஒண்ணுமில்ல மாமா, மழைதான்" என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. அவர் கையைக் கீழே போடவில்லை.

பெட்டியில் சைரனைச் சோதிக்க ஒரு பொத்தான் உண்டு. அதை என் கணினியிலிருந்தே அழுத்த முடியும். அந்தப் பொத்தான் மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னிடம் எந்த எண்ணும் இல்லை. ஏரி நிரம்பாமலும் இருக்கலாம். இந்த மழையில், இந்த இருட்டில், சைரனைக் கேட்டு இன்னொரு பெரியவர் படியில் உருண்டால்? ஒரு குழந்தை மூடாத சாக்கடையில் விழுந்தால்? அது என் விரல் செய்த வேலையாக இருக்கும். அடிக்காமல் விட்டு, தண்ணீர் வந்தால், மாமா மறுபடியும் அந்தக் கட்டிலில் விழித்தபடி கிடப்பார். இந்தத் தடவை மெத்தையோடு நிற்குமா?

வேலையில் நான் ஆயிரம் முறை ஆதாரம் எங்கே என்று மற்றவர்களைக் கேட்டவள். அன்று எந்த ஆதாரமும் இல்லாமல் அழுத்தினேன். வேறு எதுவும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஒரு கணம் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியும் போய்விட்டதோ என்று நான் எழுந்தபோது, அலுவலகத்துப் பக்கமிருந்து அது ஊளையிட ஆரம்பித்தது. மழை சத்தத்தையும் மீறித் தெரு முழுக்கக் கதவுகள் திறக்கும் சத்தம். யாரோ கத்தினார்கள், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், ஒரு குழந்தை வீறிட்டது. விழாதீர்கள், விழாதீர்கள், தயவுசெய்து யாரும் விழாதீர்கள் என்று நான் வாய்விட்டே சொல்லிக்கொண்டு நின்றேன்.

ஆட்டோ அண்ணன்தான் முதலில் வந்தார். முழங்கால்வரை சேறாக இருந்தார். பின்னால் மூன்று பேர்.

"இன்னாக்கா, பெரியவர் ரெடியா? நீ பெட்ஷீட்ட மட்டும் கீழ நல்லா இழுத்து வுடு, மீதிய நாங்க பாத்துக்கறோம். டேய், தலைய நான் புடிச்சிக்கறேன், நீ காலாண்ட வா."

போர்வையின் நான்கு முனையையும் பிடித்துத் தூக்கினார்கள். மாடிப்படித் திருப்பத்தில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. மாமாவின் உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்து சுவரில் உரசியது. அவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எலும்பு நொறுங்கும்போலப் பிடி. வலித்தது, ஆனால் நான் விடுவிக்கவில்லை. மாடி அறையில் தரையில் பாயைப் போட்டுக் கிடத்திய பிறகும் அவர் விடவில்லை.

"தண்ணி எவ்ளோண்ணா இருக்கு?" என்று கேட்டேன். எனக்கு அது மட்டும்தான் தெரிய வேண்டியிருந்தது.

"தெர்லக்கா. சைரன் அட்சிச்சி, நேரா இங்க வந்துட்டேன். ஏன், கம்பூட்டர்ல காட்லியா?"

"கருவி வேலை செய்யலண்ணா. நானாத்தான் சைரன அடிச்சேன். கரைப் பக்கம் யாராவது போய்ப் பாக்கணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார். நான் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தபடி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். வாசல் படியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததா, அலையடித்து அப்படித் தெரிந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் கேட்டுக்குள் என் கணவரின் பழைய செருப்பு மிதந்து போனது. அப்புறம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போனது. கீழே ஃபிரிட்ஜ் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும் சத்தம் கேட்டது.

ஆட்டோ அண்ணன் திரும்பி வந்தபோது இடுப்புவரை சேறாக இருந்தார். தனியாக வரவில்லை. கலங்கலுக்கு ஒட்டிய முதல் வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சரம்மாவையும் அவர் வீட்டுக்காரரையும் இரண்டு கைகளில் பிடித்துக் கூட்டி வந்திருந்தார். பிள்ளைகள் வெளிநாட்டில், இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீடு.

"காலைலயே வழிய ஆரம்பிச்சிருக்குக்கா. இவங்க வூட்ல இடுப்பளவு தண்ணி. ரெண்டு பேரும் டைனிங் டேபிள் மேல ஏறி ஒக்காந்துகினு இருந்தாங்க" என்றார்.

டீச்சரம்மாவுக்கு உதடு நீலமாகிப் போயிருந்தது. பற்கள் தந்தியடித்தன. அறைக் கொடியில் காயப் போட்டிருந்த என் நைட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்து, துண்டால் அவர் தலையைத் துவட்டினேன். சைரன் எப்போதோ ஓய்ந்திருந்தது. "காலைல தண்ணி உள்ள வந்தப்பவே கிளம்பியிருக்கக் கூடாதா டீச்சர்?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"அவர் போலாம்னுதான் சொன்னாரு, நான்தான் விடல" என்றார். குளிரில் வார்த்தைகள் உடைந்து உடைந்து வந்தன. "சைரன் அடிக்கலையே, இது வெறும் மழைத்தண்ணிதான்னேன். டேபிள் மேல ஏறினப்புறமும் சொன்னேன். அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல பாத்துக்கிட்டேதான இருக்கும், நெஜமாவே ஏரித் தண்ணியா இருந்தா நம்மள விட்டுடுமான்னு."

அவர் என்னைப் பார்த்து நன்றியோடுதான் அதைச் சொன்னார். நான் துண்டை மடித்துப் போட்டு அவர் காலைத் துடைக்க ஆரம்பித்தேன்.